கைவிட்ட மருந்துக்கும் கணக்குச் சொல்லுங்கள்

புதிய நீரிழிவு மருந்துகளை உருவாக்கும் நிறுவனங்களின் ஆராய்ச்சித் தலைவர்களுக்கும், எந்த மூலக்கூறு அடுத்த கட்டத்துக்குப் போகும், எது அலமாரிக்குப் போகும் என்று முடிவெடுக்கும் குழுக்களுக்கும்,

உங்களில் ஒருவர் நடத்திய மருந்துச் சோதனை பாதியில் நின்றுபோனது. அதில் பங்கேற்றவர்களில் நானும் ஒருவர். எனக்கு வந்த கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்: நிறுவனத்தின் ஆராய்ச்சி முன்னுரிமைகள் மாறிவிட்டன, அதனால் சோதனை முடித்துக்கொள்ளப்படுகிறது, இது பாதுகாப்புக் காரணத்தால் எடுத்த முடிவு அல்ல. கீழே ஒரு நன்றி. அதற்கும் கீழே, மிச்சமுள்ள மாத்திரைகளைப் புட்டியோடு திருப்பிக் கொடுக்கும்படி ஒரு வரி. சோதனை மையத்தில் விசாரித்தேன். தங்களுக்கும் இதற்கு மேல் தெரியாது என்றார்கள். அவர்கள் மறைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. தெரிந்தவர்கள் நீங்கள்தான். நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இப்போது எழுதுகிறேன்.

எனக்கு இருப்பது இரண்டாம் வகை நீரிழிவு. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் உங்கள் விளம்பரங்களில் வரும் உருவம் நான் இல்லை. நான் ஒல்லி. குறைப்பதற்கு உடம்பில் எடை கிடையாது. என் சிக்கல் கணையத்தில். இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் ஓய்ந்துகொண்டிருக்கின்றன. 2018இல் எம்மா ஆல்க்விஸ்ட், லீஃப் குரூப் ஆகியோரின் குழு, சுவீடன், பின்லாந்து நோயாளிகளின் தரவுகளை அலசி, பெரியவர்களுக்கு வரும் நீரிழிவை ஐந்து பிரிவுகளாகப் பார்க்கலாம் என்று காட்டியது. ஒரு பிரிவில் இன்சுலின் பற்றாக்குறைதான் முக்கியம். அவர்களுக்குக் கண் பாதிப்பு அபாயம் அதிகம். இன்னொரு பிரிவில் இன்சுலின் இருக்கும், உடம்பு அதற்குச் செவிசாய்க்காது. அவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு அபாயம் அதிகம். இதெல்லாம் எனக்கு முன்பே நீங்கள் படித்த விஷயம். ஆனாலும் நீங்கள் நிறுத்தும் மருந்துகளையும் தொடரும் மருந்துகளையும் பார்த்தால், எல்லோருக்கும் ஒரே நோய், அதற்கு எடை குறைவதே வைத்தியம் என்று முடிவாகிவிட்டதுபோலத் தெரிகிறது.

என் கையில் இருக்கும் மருந்துகளைச் சொல்லிவிடுகிறேன். மெட்பார்மின், கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுவதைக் குறைக்கும். நல்ல மருந்து, போதவில்லை. சல்ஃபோனைல்யூரியா கணையத்தை உலுக்கி இன்சுலினை வரவைக்கும். ரத்தத்தில் சர்க்கரை ஏற்கெனவே இறங்கியிருந்தாலும் உலுக்கும், அதுதான் அதன் கோளாறு. நடு இரவில் சட்டை நனைய வியர்த்து, கை நடுங்கி, விளக்கு சுவிட்ச் எங்கே என்பதுகூடப் பிடிபடாமல் எழுந்து நின்றவருக்குத்தான் தாழ் சர்க்கரை என்றால் என்னவென்று தெரியும். அப்புறம் ஜிஎல்பி-1 வகை ஊசி, குடலில் சுரக்கும் அந்த ஹார்மோனைப் போல வேலை செய்து சர்க்கரையையும் பசியையும் எடையையும் குறைப்பது. பலருக்கு வாழ்வே மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. எனக்குப் பசி போனது, இருந்த எடையும் இறங்கியது, மருத்துவரே நிறுத்திவிட்டார்.

நீங்கள் கைவிட்ட மாத்திரை வேறு வழியில் வேலை செய்வது. பீட்டா செல்லுக்குள் இருக்கும் குளுக்கோகைனேஸ் என்ற என்சைம்தான் ரத்தச் சர்க்கரையை அளக்கும் கருவி. சர்க்கரை ஏறினால் அதன் வேகம் கூடும், இன்சுலின் வெளியே வரும். இறங்கினால் வேகம் குறையும், இன்சுலினும் அடங்கும். 2003இல் ரோஷ் நிறுவன விஞ்ஞானிகளும், இந்த என்சைமைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த ஃபிரான்ஸ் மச்சின்ஸ்கியும் சேர்ந்து, இதைத் தூண்டும் மூலக்கூறுகள் சாத்தியம் என்று 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். அதன்பின் நிறைய நிறுவனங்கள் இந்த வழியில் இறங்கின. வேதியியல் என் படிப்பு அல்ல. சம்மதப் படிவத்தில் புரியாத சொற்களைத் தேடப் போய் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். தேவைப்படும்போது மட்டும் இன்சுலினைக் கேட்கும் மருந்து என்று தெரிந்ததும் கையெழுத்துப் போட்டேன்.

சோதனை என்றால் உங்கள் கூட்ட அறையில் அது ஒரு வரைபடம். எங்கள் பக்கத்தில் அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முதலில், சாப்பிட்டுக்கொண்டிருந்த சல்ஃபோனைல்யூரியாவை நிறுத்தினார்கள். பழைய மருந்தின் தடம் உடம்பில் இருக்கக் கூடாதாம். அந்த வாரங்களில் காலைச் சர்க்கரை 200ஐத் தாண்டி நின்றது. நாக்கு வறண்டது, இரவில் திரும்பத் திரும்ப எழவேண்டியிருந்தது. தெரிந்தேதான் ஒப்புக்கொண்டேன். அளவெடுக்கும் நாட்களில் வெறும் வயிற்றோடு போய்ப் படுக்க வேண்டும். முழங்கை மடிப்பில் ஊசிக் குழாயைச் செருகி, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கத் தருவார்கள். பிறகு அரை மணிக்கு ஒரு முறை ரத்தம். செவிலியர் ஒவ்வொரு குழாயையும் குலுக்காமல் மெல்லத் தலைகீழாகப் புரட்டுவார், ஸ்டிக்கர் ஒட்டுவார். சி-பெப்டைட் பார்க்கும் குழாய் மட்டும் உடனே ஐஸுக்குள் போகும், அது தாங்காதாம். கணையம் சொந்தமாக எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டுவது அதுதான். ஸ்டிக்கரில் என் பெயர் இல்லை, எண் மட்டும்.

ஒவ்வொரு முறை போகும்போதும் மாத்திரைப் புட்டியைக் கொண்டுபோக வேண்டும். மூடியைத் திறந்து தட்டில் கொட்டி, மிச்சத்தை இரண்டிரண்டாக எண்ணுவார்கள். நாட்குறிப்பில் எழுதிய நேரங்களோடு ஒப்பிடுவார்கள். ஒரே ஒரு மாத்திரை கூடுதலாக மிஞ்சியிருந்தாலும் ஏன் என்று கேட்டு, என் பதிலைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். சரி, கேட்கத்தான் வேண்டும். தரவு சுத்தமாக இருக்க வேண்டாமா? ஆனால் ஒற்றை மாத்திரைக்கு என்னிடம் எழுத்தில் விளக்கம் வாங்கிய நீங்கள், மொத்த மருந்தையும் நிறுத்தியதற்கு ஒரு விளக்கமும் தர மாட்டேன் என்கிறீர்கள். எனக்குப் பொறுக்காதது இதுதான்.

அந்த மாதங்களில் என் எச்பிஏ1சி, அதாவது சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு, 8.6இலிருந்து 7.4க்கு இறங்கியது. இரவு வியர்வை ஒருநாளும் வரவில்லை. இது உங்கள் மருந்தின் வேலையா? அல்லது எனக்குக் கிடைத்தது, ஒப்பிட்டுப் பார்க்கச் சிலருக்குத் தரும் மருந்தில்லாத வெற்று மாத்திரையா, யாரோ கவனிக்கிறார்கள் என்பதால் நானே ஒழுங்காக இருந்ததன் பலனா? இன்றுவரை தெரியாது. என் மருத்துவர் கேட்டார்: "என்ன மருந்து, என்ன அளவு?" நான் ஒரு குறியீட்டு எண்ணைச் சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டு, பழைய சல்ஃபோனைல்யூரியாவையே திரும்ப எழுதினார். வேறென்ன செய்வார்?

'முன்னுரிமை மாற்றம்' என்ற சொற்களுக்குள் என்னென்ன ஒளிந்திருக்கலாம் என்று யோசித்துப் பார்த்தேன். மருந்தின் பலன் தேய்ந்திருக்கலாம். இந்த வகையில் அது புதிதல்ல. மெர்க் நிறுவனத்தின் எம்கே-0941 முதலில் எச்பிஏ1சியை நன்றாக இறக்கியது, 30 வாரம் ஆவதற்குள் பலன் நழுவிவிட்டது. தாழ் சர்க்கரை வந்தது, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் ரத்த அழுத்தமும் கூடின. இவை எனக்கு எப்படித் தெரியும்? 2011இல் ஆய்விதழில் அச்சிட்டார்கள், அதனால் தெரியும். தோல்வியை அச்சிட்டதற்காகவே அவர்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு.

அல்லது, கல்லீரலில் ஏதோ நடந்திருக்கலாம். அங்கேயும் இதே என்சைம் இருக்கிறது. அங்கே அதை அதிகம் தூண்டினால் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றும் வேலை முடுக்கிவிடப்படும். 'பாதுகாப்புக் காரணம் அல்ல' என்றுதான் எழுதியிருக்கிறதே என்பீர்கள். டிரைகிளிசரைடு கொஞ்சம் ஏறியதை யாரும் அந்தத் தலைப்பின் கீழ் போட்டிருக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அப்படி ஏறியிருந்தால் நான் இப்போது கொழுப்புப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், கல்லீரலைப் பார்க்க வேண்டும். அதை எனக்குச் சொல்ல வேண்டியது யார்?

மூன்றாவதாக, மருந்தில் ஒரு குறையும் இல்லாமல் இருந்திருக்கலாம். எடை குறைக்கும் ஊசிகளில் வருமானம் கொட்டுகிறது, பணத்தை அங்கே திருப்புவோம் என்று யாரோ முடிவு செய்திருக்கலாம். காசு போடுபவர் கணக்குப் பார்ப்பது இயல்பு. அதற்காக உங்களைத் திட்டப் போவதில்லை. ஆனால் இந்த மூன்றும் மூன்று வேறு செய்திகள். முதலாவது உண்மையென்றால் வேதியியலாளர்கள் மூலக்கூறை மாற்றிப் பார்க்கலாம். இரண்டாவது என்றால் பங்கேற்றவர்களை எச்சரிக்க வேண்டும். மூன்றாவது என்றால் வேறொருவர் அதை எடுத்து நடத்தலாம். மூன்றையும் ஒரே சொற்றொடரால் மூடிவிட்டால் எதுவுமே நடக்காது.

வேறொருவர் எடுத்து நடத்துவது வெறும் ஆசை அல்ல. டோர்சாக்லியாடின் என்ற மாத்திரையும் இதே வகைதான். ரோஷில் பிறந்தது. ஹுவா மெடிசின் என்ற சீன நிறுவனம் உரிமம் வாங்கித் தொடர்ந்து உழைத்தது. பெரிய நிறுவனங்கள் பலவும் இந்த வழியை விட்டு விலகிய பிறகு, 2022இல் சீனாவில் அதற்கு அனுமதி கிடைத்தது. நான் விழுங்கிய மாத்திரையும் அப்படி வந்திருக்கும் என்று சொல்லவில்லை. வந்திருக்காது என்று சொல்வதற்கும் எவரிடமும் ஆதாரம் இல்லையே என்றுதான் சொல்கிறேன்.

இன்று நீங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடும் அதே ஜிஎல்பி-1இன் கதையைப் பாருங்கள். 1980களின் இறுதியில் மெட்டாபயோ என்ற சிறு நிறுவனம் ஃபைசரின் ஆதரவோடு ஜிஎல்பி-1ஐ நீரிழிவு மருந்தாக்க முயன்றது. 1990 வாக்கில் ஃபைசர் விலகிக்கொண்டது. நீரிழிவுக்கு இன்சுலினைத் தவிர இன்னொரு ஊசி மருந்து எடுபடாது என்பது அப்போது சொன்ன காரணம் என்று, அந்த முயற்சியில் இருந்தவரும் பின்னாளில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் தலைவராக இருந்தவருமான ஜெஃப்ரி ஃபிளையர் 2024இல் எழுதியிருக்கிறார். இந்த வகையின் முதல் மருந்தான எக்ஸெனடைட் சந்தைக்கு வந்தது 2005இல். நடுவிலுள்ள 15 ஆண்டும் வீண் என்று சொல்வது நியாயமாகாது. இயற்கையான ஜிஎல்பி-1 ரத்தத்தில் சில நிமிடங்களில் சிதைந்துவிடும், அதை நிலைக்க வைக்கும் வித்தை எப்படியும் நேரம் பிடித்திருக்கும். ஆனால் சந்தையைப் பற்றிய ஒரு கணிப்பு அறிவியலை நிறுத்தியது, அந்தக் கணிப்பு தலைகீழாகப் பொய்த்தது. அந்தக் காலத்தில் ஊசி விற்காது என்றீர்கள். இன்று ஊசிதான் விற்கும் என்கிறீர்கள். இரண்டு முறையும் அதே உறுதி.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பீட்டா செல்களை அழிக்கும் முதல் வகை நீரிழிவில், டெப்லிசுமாப் என்ற மருந்து பட்ட பாடும் இதேதான். 2010இல் மூன்றாம் கட்டச் சோதனையில், அதாவது அனுமதிக்கு முந்தைய பெரிய சோதனையில், அது இலக்கை எட்டவில்லை என்றதும் எலி லில்லி நிறுவனம் விலகிக்கொண்டது. டிரயல்நெட் என்ற ஆய்வு வலையமைப்பு விடவில்லை. நோய் இன்னும் வெளிப்படாத, ஆனால் வரப்போவது ரத்தத்தில் தெரிந்த 76 பேரிடம் சோதித்து, நோய் வெளிப்படுவதை இரண்டு ஆண்டு தள்ளிப்போட முடிந்தது என்று 2019இல் காட்டியது. 2022 நவம்பரில் அமெரிக்க அனுமதி வந்தது. ஒரு குழந்தைக்கு ஊசியில்லாத இரண்டு ஆண்டு என்பது என்னவென்று பெற்றவர்களைக் கேளுங்கள். மருந்து தோற்றது எந்த அளவுகோலில், எதில் தோற்கவில்லை என்ற விவரம் வெளியே இருந்ததால்தான் மற்றவர்களால் தொடர முடிந்தது.

நிறுத்தவே கூடாது என்று நான் வாதாடவில்லை. டக்கேடா நிறுவனத்தின் நீரிழிவு மருந்தான ஃபாசிக்லிஃபாம் 2013 டிசம்பரில் மூன்றாம் கட்டத்தில் நிறுத்தப்பட்டது. சர்க்கரையை நன்றாகத்தான் குறைத்தது, ஆனால் கல்லீரலுக்குப் பாதகம். அந்தக் காரணத்தை வெளிப்படையாகச் சொன்னார்கள், கல்லீரல் தரவுகளும் பின்னர் ஆய்விதழில் வந்தன. அதே இலக்கில் வேலை செய்யும் மற்றவர்களுக்கு எங்கே குழி இருக்கிறது என்று தெரிந்தது. நிறுத்துவதற்கு அது ஒரு கௌரவமான வழி. உங்களாலும் முடியும்.

வணிக ரகசியம் என்பீர்கள். மூலக்கூறின் அமைப்பைக் காப்புரிமை விண்ணப்பத்தில் நீங்களே எழுதிக்கொடுத்திருக்கிறீர்கள், 18 மாதத்தில் அந்த விண்ணப்பம் வெளியாகிவிடுகிறது. போட்டியாளர் படிக்கலாம். அதை விழுங்கியவர்தான் படிக்கக் கூடாதா?

இதற்கெல்லாம் விதிகளும் இல்லாமல் இல்லை. ஆய்வில் பங்கேற்பவர்களுக்கு முடிவுகளைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்புத் தர வேண்டும், எதிர்மறை முடிவுகளையும் வெளியிட வேண்டும் என்று, மருத்துவ ஆய்வு நெறிகளை வகுக்கும் ஹெல்சிங்கி பிரகடனம் சொல்கிறது. சோதனை முடிந்த 12 மாதத்துக்குள் முக்கிய முடிவுகள் மருந்துச் சோதனைகளுக்கான பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இலேயே கேட்டுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றிய விதிமுறை, சாதாரண மனிதருக்குப் புரியும் மொழியில் சுருக்கமும் கேட்கிறது. அமெரிக்கப் பொதுப் பதிவேட்டில் 'சோதனை ஏன் நிறுத்தப்பட்டது' என்று ஒரு கட்டமே வைத்திருக்கிறார்கள். திறந்து பாருங்கள், அந்தக் கட்டத்தில் எத்தனை இடங்களில் 'வணிக முடிவு' என்ற இரண்டு சொல் மட்டும் உட்கார்ந்திருக்கிறது என்று. கேள்வியும் இருக்கிறது, பதிலும் இருக்கிறது, தகவல்தான் இல்லை.

இனி என் கோரிக்கைகள்.

நின்றுபோன சோதனையில் பங்கேற்ற ஒவ்வொருவருக்கும், கிடைத்தது மருந்தா வெற்று மாத்திரையா, என்ன அளவு என்பதை எழுத்தில் சொல்லுங்கள். அவரவர் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் அவரவரிடம் கொடுங்கள். சோதனை நின்ற பிறகு யார் எதை விழுங்கினார்கள் என்று மறைத்துவைப்பதால் எந்த ஆய்வுக்கும் பயன் இல்லை. ஆறு மாதம் போதும் இதற்கு.

நிறுத்திய காரணத்தைப் பதிவேட்டில் முழு வாக்கியங்களில் எழுதுங்கள். பலன் குறைவா, பக்கவிளைவா, பணமா? பணம் என்றால் பணம் என்றே எழுதுங்கள், யாரும் உங்களைத் தூக்கில் போடப்போவதில்லை. அதுவரை கிடைத்த முடிவுகளை, அரைகுறையாக இருந்தாலும், 12 மாதத்துக்குள் வெளியிடுங்கள். சி-பெப்டைட், டிரைகிளிசரைடு, கல்லீரல் என்சைம் உட்பட.

அறிவியல் காரணம் இல்லாமல் கைவிடும் மூலக்கூறுகளைப் பூட்டிவைக்காதீர்கள். இரண்டு ஆண்டுக்குள் நீங்கள் தொடராவிட்டால், தரவுகளோடு சேர்த்துப் பல்கலைக்கழகங்களுக்கோ பொது ஆய்வு நிறுவனங்களுக்கோ கொடுங்கள். அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் 2012இல் தொடங்கிய திட்டத்தில் ஃபைசர், அஸ்ட்ராஜெனெகா, எலி லில்லி போன்றவை கைவிட்ட மூலக்கூறுகளை வெளி ஆய்வாளர்களுக்குத் திறந்து கொடுத்தன. எனவே நடக்காத காரியத்தைக் கேட்கவில்லை. ஒல்லியான நீரிழிவு நோயாளிகள், அரிய வளர்சிதை மாற்றக் கோளாறு உள்ளவர்கள் என்று சந்தைக் கணக்கில் சிறியவர்களாகத் தெரிபவர்களுக்கு இதை விட்டால் வேறு வழி இல்லை.

எங்களிடம் எடுத்து உறையவைத்த ரத்தம் இப்போது எங்கே இருக்கிறது, யார் பயன்படுத்துகிறார்கள், எப்போது அழிப்பீர்கள் என்று சொல்லுங்கள்.

மருந்தை நிறுத்தும் அன்றே நோயாளியையும் கைகழுவாதீர்கள். பழைய மருந்துக்குத் திரும்பி, சர்க்கரை நிலைக்கு வரும்வரையாவது பரிசோதனைகளும் மருத்துவ ஆலோசனையும் உங்கள் செலவில் தொடரட்டும். எனக்கு அந்தக் காலம் முழுக்க என் சொந்தப் பொறுப்பில்தான் கழிந்தது.

கடைசியாக, இவை அனைத்தும் சம்மதப் படிவத்திலேயே வாக்குறுதியாக எழுதப்பட வேண்டும். நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் சோதனையை நிறுத்தலாம் என்று ஒரு வரி இப்போது அதில் இருக்கிறது. அதன் கீழே, நிறுத்தினால் பங்கேற்றவருக்கு என்ன கிடைக்கும் என்று இன்னொரு பத்தி சேருங்கள். சேர்த்த பிறகு அடுத்த சோதனைக்குக் கூப்பிடுங்கள், வருகிறேன். அந்தப் பத்தி இல்லாத படிவத்தில் இனி நான் கையெழுத்துப் போடமாட்டேன். என்னோடு கையில் ஊசிக் குழாயோடு பக்கத்துப் படுக்கைகளில் கிடந்தவர்களிடமும் போடாதீர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சோதனையில் ஓர் எண்